டெர்க் கூப்பிடுகிறான்

பிப்ரவரி மாதத்தில் எங்கள் பக்கம் மழை பெய்கிறது என்று சொல்வது தப்பு. மழை குடியிருக்கிறது. வயலெல்லாம் தண்ணீர், ஓக் மரத்தடியெல்லாம் சேறு. சாணிக்குழி வாடை ஒருமுறை துணியில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் நம்மோடு வந்து பெஞ்சில் உட்காரும். அப்படி ஒரு காலையில் ரீக் வீட்டு அடுப்படியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மேய்ச்சல் நிலம்தான். பத்து மணிக் காபி அவள் வீட்டில் என்பது கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்முதல் என் பழக்கம்.

ரீக் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்பது வயது. ஒரு பக்க இடுப்பு தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டும். தொழுவத்தில் அறுபது கறவை மாடு, பார்க்க அவள் ஒருத்தி. அதைப் பற்றித்தான் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ரீக்! பூட்ஸைப் போடு! கன்னு வருது!"

டெர்க்கின் குரல். கரகரப்பும் அவசரமும் மாறாத குரல், கடைசியில் அந்தச் சின்ன இருமலோடு. டெர்க் அவள் புருஷன். அவனைப் புதைத்து வருகிற மார்ச்சோடு இரண்டு வருஷம். சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

காபி முழுக்க என் மடியில். ரீக்கோ, "வர்றேன், வர்றேன், கத்தாதீங்க" என்று அலுத்துக்கொண்டே கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்த பழைய செல்போனை எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பேயைக் கண்டால் ஓட வேண்டும் என்பார்கள். நான் பேய் கூப்பிட்ட திசையிலேயே அவள் பின்னால் ஓடினேன்.

தொழுவத்தில் கிளாரா என்கிற மாடு நின்றபடி முக்கிக்கொண்டிருந்தது. பனிக்குடம் உடைந்து வைக்கோலெல்லாம் நனைந்திருந்தது.

"முன்னங்கால் ரெண்டும் தெரியுது. மூக்கு எங்கே?" என்று ரீக் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். "இருக்கு, இருக்கு. கயித்தை எடு லைடா. நான் இழுன்னா இழு. அது முக்கும்போதுதான் இழுக்கணும்."

இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. ரீக் ஒரு வைக்கோலை அதன் மூக்கில் விட்டுக் கிளற, அது தும்மி மூச்சுவிட்டது. கிளாரா திரும்பி நக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு நாக்கு எழுந்தது.

"என்னடி அது?"

"எது?"

"எதுவா? செத்தவன் அடுப்படியில நின்னு கத்துறான், எதுன்னு கேக்குறே!"

ரீக் கையை வாளியில் கழுவினாள். "வால்ல ஒரு கருவி கட்டியிருக்குல்ல? வலி எடுத்தா வாலாட்டம் மாறும். அது போனுக்குச் சேதி சொல்லும். கம்பெனிக்காரன் வெச்ச மணி சத்தம் கொசு கத்துற மாதிரி இருந்துச்சு. எனக்குத் தூக்கத்துல ஏறாது. அதான் உங்கண்ணன் தன் குரலையே பதிஞ்சு வெச்சாரு. எவன் கூப்பிட்டு எழுந்திரிக்காட்டியும் நான் கூப்பிட்டா நீ எழுந்திரிப்பேன்னு சொல்லி."

"அதை இன்னுமா அழிக்கலை?"

"எதுக்கு அழிக்கணும்?"

நான் கிளாராவைப் பார்த்தேன். கிழட்டு மாடு. "இதை வித்துடப்போறேன்னு போன வருஷமே சொன்னியே. இது எப்படிச் சினையாச்சு?"

"சினை ஊசிக்காரன் வந்தான். வந்தவனை எதுக்குத் திருப்பி அனுப்பணும்னு..."

"உன் இடுப்புக்கு இருபது மாடே ஜாஸ்தி. போன குளிர்காலத்துல இதே தொழுவத்துல நீ விழுந்து கிடந்தப்ப நான்தானே வந்து தூக்கினேன்? வருஷா வருஷம் எல்லாத்துக்கும் சினை ஊசி போட்டுக்கிட்டே போனா எப்படிடி?"

அவள் வெகுநேரம் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சினையில்லாத மாட்டுக்கு அவரு கூப்பிட மாட்டாருடி" என்றாள்.

அதற்குப் பிறகு துணி காயப்போடும்போது, தபால்பெட்டியைத் திறக்கும்போது, அந்த வீட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் ஒரு குரல் வருகிற மாதிரியே இருக்கும். சில நாள் உண்மையிலேயே வந்திருக்கும். எது உண்மை, எது என் காது என்று சொல்லத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அதைவிட, அவளுக்குப் பயமில்லையே என்பது பெரிய பயமாக இருந்தது.

*

ரீக்கின் ஒரே மகள் மார்லூஸ். மேற்கே பெரிய நகரத்தில், நுகர்வோர் சட்டங்களைப் பார்த்துக்கொள்கிற அரசு அலுவலகத்தில் வேலை. புதிதாக வருகிற செல்போன்களில் பேட்டரி எத்தனை நாள் தாங்கும், கீழே விழுந்தால் என்னாகும், பழுதுபார்ப்பது சுலபமா என்றெல்லாம் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். ஏ, பி, சி என்று வகுப்பு உண்டு. கடை கடையாகப் போய் அதைச் சரிபார்ப்பது இவள் குழுவின் வேலை. அந்தச் சட்டத்தைச் சொந்தப் பிள்ளைபோல வளர்த்தவள். எங்கே போனாலும் அதன் பெருமைதான்.

அந்தச் சனிக்கிழமை வந்தாள். கையில் ஒரு புதுப் போன். பரட்டைக்கீரையும் உருளைக்கிழங்கும் மசித்து, மேலே புகைபோட்ட தொத்திறைச்சி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே மழை.

"அம்மா, மாட்டுக் கருவிக் கம்பெனியிலேர்ந்து சேதி வந்திருக்கு பாத்தியா? மே மாசத்துக்கு மேல அப்பாவோட போன்ல அந்தச் செயலி வேலை செய்யாது. அந்தப் போனுக்கு மென்பொருள் புதுப்பிக்கிறதை நாலு வருஷம் முன்னாடியே நிறுத்திட்டான்."

"நல்லாத்தானே ஓடுது."

"ஓடுறது வேற, பாதுகாப்பு வேற. இதைப் பாரு. பழுதுபார்க்க ஏ வகுப்பு. விக்கிறதை நிறுத்தின பிறகும் அஞ்சு வருஷம் மென்பொருள் குடுத்தாகணும், ஏழு வருஷம் உதிரிபாகம் குடுத்தாகணும். நான் சும்மா சொல்லலை, சட்டம்."

"அப்ப அந்தச் சட்டத்தை இந்தப் போனுக்கும் சொல்லேன்."

"அது போன ஜூன் இருபதுக்கு அப்புறம் கடைக்கு வந்த மாடலுக்குத்தான் செல்லும்."

"உங்கப்பாவும் சட்டத்துக்கு முந்தியே போயிட்டாரு, அவர் போனும் முந்தியே போகணும். அப்படித்தானே?"

மார்லூஸ் முள்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "லைடா அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

எனக்கு வாய்க்குள் கீரை. மென்றுகொண்டே இருந்தேன். அந்தக் குரல் சங்கதி மகளுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் வருவதே மாதம் ஒரு பகல். அந்தப் பகல்களில் மாடு ஈன்றதில்லை.

"எனக்கும் ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போடி" என்றாள் ரீக். "இடுப்பு தேஞ்சுபோச்சு, முழங்காலுக்கு உதிரிபாகம் இல்லை. என்ன வகுப்பு போடுவே?"

"விளையாடாதேம்மா. மாட்டையெல்லாம் வித்துட்டு என்கூட வந்துடுன்னு எத்தனை தடவை சொல்றது? உன்னைத் தொழுவத்துலேர்ந்து பொணமாத்தான் தூக்கணுமா?"

"தூக்க ஆறு பேர் இருக்காங்க. நீ தொத்திறைச்சியைச் சாப்பிடு, ஆறுது."

புதுப் போன் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அதை ரொட்டி டப்பாவுக்கு மேலே வைத்துவிட்டுப் போனாள்.

*

அந்த வாரம் முழுக்க எனக்குக் காய்ச்சல், பத்து மணிக் காபிக்குப் போகவில்லை. வாரக் கடைசியில் ரீக் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தாள். அந்த இடுப்போடு, அந்தக் காற்றில். பார்த்ததுமே ஏதோ விபரீதம் என்று தெரிந்தது.

"தொட்டியில விழுந்துடுச்சுடி. குனிஞ்சேன், பையிலேர்ந்து நழுவி, மாடு தண்ணி குடிக்கிற தொட்டியில விழுந்துடுச்சு."

"எப்போ?"

"போன சனிக்கிழமை, மார்லூஸ் கிளம்பின உடனே. பால்பொடியில போட்டு வெச்சிருந்தேன். இன்னிக்கு எடுத்துப் பாத்தா எழுந்திரிக்க மாட்டேங்குது."

கன்றுக்குட்டிக்குக் கரைத்துக் கொடுக்கிற பால்பொடி. எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் எது நனைந்தாலும் அந்த மூட்டைக்குள்தான் புதைப்பார்கள், கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி, எல்லாம். ஈரத்தை இழுத்துவிடும். ஊரில் பாதிக் கடிகாரம் பால் வாடைதான் அடிக்கும்.

ஒரு வாரமாக அவள் தொழுவத்திலேயே வைக்கோல் மேல் படுத்திருக்கிறாள். கூப்பிட ஆள் இல்லை. நான்கு மாடு ஈன்றிருக்கிறது. மூன்றுக்குச் சரியாக விழித்துக்கொண்டாள். ரோசா ஈன்றபோது அசந்துவிட்டாள். கன்று தலை மடங்கிச் செத்துக் கிடந்தது.

"அவர் கூப்பிட்டிருந்தா செத்திருக்காது" என்றாள். சொல்லிவிட்டு என் அடுப்படியில் நின்றபடியே அழுதாள். டெர்க் செத்த அன்றுகூட இவள் அழுது நான் பார்த்ததில்லை. மார்லூஸுக்கு நான்தான் போன் செய்தேன். போன் கெட்டுவிட்டது, அம்மாவை ரிப்பேர் கடைக்குக் கூட்டிப்போ என்று மட்டும் சொன்னேன்.

*

ஆற்றோரத்துச் சின்ன டவுனில் சேதாத் கடை வைத்திருக்கிறான். அவன் அப்பா துருக்கியிலிருந்து இங்கே இரும்பு உருக்கும் ஆலைக்கு வந்தவர். சேதாத் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், எங்கள் கொச்சையை என் மகன்களைவிட நன்றாகப் பேசுவான்.

சூடுகாட்டிப் பசையை இளக்கி, போனின் முதுகைத் திறந்தவன் முகத்தைச் சுளித்தான்.

"அரிசியில போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது என்னம்மா?"

"பால்பொடி. ஈரத்தை இழுக்கும்."

"இழுத்துச்சு. இழுத்து உள்ளேயே பாலாடைக்கட்டி ஆயிருச்சு. இன்னும் ஒரு மாசம் வெச்சிருந்தா சந்தையில வித்திருக்கலாம்." ஒரு சின்ன பிரஷ்ஷால் சுரண்டிக்கொண்டே உள்ளே பார்த்தான். "பேட்டரி உப்பிக்கிச்சு. இந்த மாடலுக்குக் கம்பெனி பேட்டரி தயாரிக்கிறதை நிறுத்தி நாளாச்சு. வேற எவனோடதைப் போட்டாலும், இது என் பேட்டரி இல்லைன்னு இந்தப் போன் முரண்டு பிடிக்கும்."

"புதுச் சட்டப்படி..." என்று மார்லூஸ் ஆரம்பித்தாள்.

"அம்மணி, சட்டம் தெரியும். சுவத்துலயே ஒட்டி வெச்சிருக்கேன் பாருங்க. புதுப் போனைத் திறந்தா எனக்கே சந்தோஷமா இருக்கு, நாலு திருகாணி, அவ்வளவுதான். இது பழசு. இதை எவனும் திறக்கக்கூடாதுன்னே செஞ்சிருக்கான்."

ரீக் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கொஞ்ச நேரத்துக்காவது எழுந்திரிக்குமாப்பா?"

"பேட்டரி இல்லாம, நேரா என் மின்கம்பியில மாட்டிப் பாக்கலாம். கம்பி இருக்கிற வரைக்கும்தான் உசிரு. உள்ளே தகடெல்லாம் துருப் பூத்துப்போயிருக்கு, நாளைக்கும் எழுந்திரிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அவன் கம்பி எடுக்கப் பின்பக்கம் போனான். மார்லூஸ் கூடவே போனாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"முடியலைன்னு சொல்லிடுங்க, தயவுசெஞ்சு" என்றாள் மெதுவாக. "இந்தப் போன் இருக்கிற வரைக்கும் அம்மா மாட்டை விடமாட்டாங்க. ஏன்னு தெரியலை. அந்த மாட்டுக்கடியிலேயே ஒருநாள் செத்துடுவாங்க."

சேதாத் திரும்பி வந்து இரண்டு கவ்விகளை மாட்டினான். திரை வெளுத்து, நடுங்கி, எரிந்தது. ரீக் விரலால் பூட்டை வரைந்து திறந்தாள். மேல் ஓரத்தில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின.

"ரீக்! பூட்ஸைப் போடு! கன்னு வருது!"

பால் அடைத்த ஒலிபெருக்கியில் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. போனுக்கு உறை வாங்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ரீக்கின் கால் தன்னால் வாசல் பக்கம் திரும்பியது. "வர்றேன்" என்றாள். பிறகு தான் எங்கே நிற்கிறோம் என்று சுற்றிலும் பார்த்தாள்.

"ரீக்! பூட்ஸைப் போடு! கன்னு வருது!"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "ஒரு வாரமா உள்ள வர முடியாம நின்ன சேதியெல்லாம் இப்ப வருது" என்று சேதாத் முணுமுணுத்தான்.

"இது யோஹன்னாவுக்கு" என்றாள் ரீக். "முதல்ல வந்தது பெப்பிக்கு. ரெண்டும் போட்டது கிடேரிக் கன்னு."

மூன்றாவது முறையும் டெர்க் கூப்பிட்டான். நான் மார்லூஸைப் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த அவளுடைய சட்டத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், முகத்தில் ரத்தம் இல்லை. அப்பாவின் குரலை இரண்டு வருஷமாக அவள் கேட்டிருக்கவில்லை. நான்காவது அழைப்பும் வந்தது.

"ரீக்! பூட்ஸைப் போடு! கன்னு வருது!"

"இது ரோசா" என்றாள் ரீக். "இது செத்த கன்னு. நேரத்துக்குத்தான் கூப்பிட்டிருக்காரு பாவம். எனக்குத்தான் கேக்கலை."

இருமல் கேட்டது. அதோடு நின்றது.

"இதுக்காகத்தானாம்மா?" என்றாள் மார்லூஸ். "இதுக்காகத்தான் மாட்டை வெச்சிருக்கியா? ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அழிச்சுடுவே."

"நானா? நானா அழிப்பேன்?" என்றவள் சேதாத்திடம் திரும்பினாள். சற்றுமுன் கெஞ்சிய அதே வாய். "இதை எடுக்க முடியுமா? புதுப் போனுக்கு மாத்த முடியுமா?"

"இப்பவே எடுத்துடலாம். மாட்டுச் செயலியில மணிச் சத்தமாவே வெச்சுத் தர்றேன், இதே மாதிரி கூப்பிடும்." ரொட்டி டப்பா மேலிருந்து கொண்டுவந்திருந்த புதுப் போனை மார்லூஸ் கைப்பையிலிருந்து எடுத்து வைக்க, சேதாத் அதைத் தட்டிக் காட்டினான். "இது தாராளமா ஏழு வருஷம் ஓடும்மா. பேட்டரி போனா மாத்தலாம், திரை போனா மாத்தலாம். கவலையே வேணாம்."

ரீக் புதுப் போனைக் கையில் எடுத்தாள். எடை பார்ப்பதுபோல வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மலரும் என்று நான் எதிர்பார்த்தேன். மலரவில்லை.

"ஏழு வருஷமா?"

"அதுக்கு மேலயும் ஓடும்."

"எனக்கு எழுபத்தாறு ஆயிடும். எழுபத்தாறு வயசுலயும் பூட்ஸைப் போடுன்னு கத்துவாராப்பா?"

"மாட்டுக்கு வேணாம்னா சும்மா வெச்சுக்கம்மா" என்றாள் மார்லூஸ். "நீ தொட்டாப் பேசுற மாதிரி. எப்ப வேணும்னாலும் கேக்கலாம்."

"நான் தொட்டாப் பேசுறதா?" ரீக் சிரித்தாள். "நாப்பத்தஞ்சு வருஷத்துல நான் கூப்பிட்டு உங்கப்பா வந்ததே இல்லைடி. சோறு ஆறிப்போகும், நான் கத்திக்கிட்டே இருப்பேன். அவர் கூப்பிட்டு நான் போனதுதான் உண்டு. நான் தொட்டதும் வாயைத் திறந்தா அது அவரே இல்லை." போனை மேசைமேல் வைத்தாள். "இந்தப் பழசு தானா நின்னுடும்னுதான் மனசுல ஓடிக்கிட்டிருந்துச்சு. நின்னா விட்டுடலாம், நிக்கிற வரைக்கும் போகலாம்னு. நிக்கவே நிக்காதுன்னு நீங்க சொன்னதும் உடம்பெல்லாம் வலிக்குது."

"எனக்கு வேணும்மா" என்றாள் மார்லூஸ் அழுதுகொண்டே.

"எடுத்துக்கோ. உங்கப்பாதானே. என் காதுல விழாம வெச்சுக்கோ."

சேதாத் அதை மார்லூஸின் போனுக்கு மாற்றிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு ரீக்கைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் கவ்விகளைக் கழற்றினான். திரை அணைந்தது.

*

வீடு திரும்பும்போது கார்க் கண்ணாடியில் துடைப்பான் மழையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது.

"திங்கட்கிழமை சினை ஊசிக்காரன் வருவான்" என்றாள் ரீக். "வேணாம்னு சொல்லிடு மார்லூஸ். வயித்துல இருக்கிறதெல்லாம் ஈனட்டும். அப்புறம் வாங்குறவனை வரச்சொல்லு."

மார்லூஸ் சரி என்றாள். மகிழ்ச்சியில்லாத சரி.

பிறகு ரீக் என் பக்கம் திரும்பினாள். "லைடா, உன் கடமை ஒண்ணு பாக்கி நிக்குது."

என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பக்கத்திலேயே குடியிருக்கிற முதல் அண்டைவீட்டார் தொழுவத்துக்குப் போய் மாடுகளுக்கு அதைச் சொல்ல வேண்டும். தேனீ இருந்தால் தேனீக்கும். சொல்லாவிட்டால் அவை செத்தவனையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும், பால் வற்றும் என்பார்கள். டெர்க் செத்த அன்று நான் போனேன். தொழுவத்துக் கதவை மறித்துக்கொண்டு ரீக் நின்றாள். பால் கறக்கும் நேரம், அப்புறம் பார்க்கலாம் என்றாள். நானும் திரும்பி வந்துவிட்டேன்.

தொழுவத்தில் விளக்கெல்லாம் எரிந்தது. மாடுகள் இரண்டு வரிசையாகத் தீவனத்தில் தலையை விட்டிருந்தன. சாயங்காலக் கறவைக்கு மடி கனத்து நின்றன. நான் நடுவழியில் ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னால் நின்று, சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லிக்கொண்டே போனேன்.

"உங்க எஜமான் டெர்க் செத்துப்போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு. ரீக்தான் உங்க எஜமானி."

கிளாரா மூச்சுவிட்டுவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்தது. மற்றவை தலையைத் தூக்கவேயில்லை. கடைசி மாடு வரை சொல்லி முடித்துத் திரும்பினேன். வாசலில் மார்லூஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரீக்கின் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுடி" என்றாள்.

சொன்னேன். இந்த முறை மாடுகளைப் பார்த்துச் சொல்லவில்லை.